வந்திருக்கிறாரும் வந்திருந்தாரும்

பல்லேகலையில் என் இல்லத்துக்கு ஆங்கிலம் பயில வரும் மாணவர் பலர், "நேற்று மாமா வந்திருந்தார்" என்பதை "ஹாட் கம்" என்றே பெயர்க்கின்றனர். தமிழில் அவ்வாக்கியம் தனித்தே நிறைவுறும். வந்து சென்றார் என்பது பெறப்படும். ஆங்கிலச் செவியோ, 'எது நிகழுமுன்?' என்று காத்திருக்கும். நேற்றென்று குறித்தபின் "கேம்" என்பதே போதும். மாமா இன்னும் வீட்டிலிருப்பின் "ஹாஸ் கம்" எனல் வேண்டும். நேர்முகத் தேர்வில் "ஹாட் பாஸ்ட்" என்று தொடங்கி நிறுத்தும் இளைஞனைக் கேட்போர், 'பின்னர் என்ன நேர்ந்தது?' என ஐயுறுவர்.

"ஹாட்" அமையும் இடத்தை எம்மூர்க் கிரிக்கெட் அரங்கே காட்டும். கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன் 2010 ஜூலையில், காலியில், 800ஆவது விக்கெட்டுடன் டெஸ்ட் ஆட்டத்தினின்றும் விலகினார். பல்லேகலையின் முதல் டெஸ்ட் அவ்வாண்டு டிசெம்பரில் நடைபெற்றது. அது தொடங்கியபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார். நிகழ்ச்சிகள் இரண்டு, முந்தியதற்கு "ஹாட்" உரியது. அந்த 800 விக்கெட்டுகளோ இன்றும் அவர் பெயரில் நிற்பவை. அவற்றை வீழ்த்தியிருக்கிறார் என்பதற்கு "ஹாஸ்" உரியது.

பழைய மாணவராகிய நாமும் கல்லூரியைப் பற்றிப் பேசுங்கால் இதனை நினைத்தல் நன்று. அது நமக்குக் கல்வி தந்திருக்கிறது; தந்திருந்தது அன்று.