பூமிக்குள் குடியிருக்கும் ஊர்

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து வடக்கே ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 850 கிலோமீட்டர் போனால் கூபர் பெடி வரும். வழியில் கிளெண்டாம்போவில் பெட்ரோல் போட்டுக்கொள்ள வேண்டும். அதை விட்டால் 250 கிலோமீட்டருக்குப் பங்க் கிடையாது; செம்மண், முழங்கால் உயரப் புதர், வானம் அவ்வளவுதான். ஊர் நெருங்கும்போது முதலில் தெரிவது வீடுகள் அல்ல, மண்மேடுகள். அறுவடைக் களத்தில் அம்பாரம் குவித்ததுபோல, வெள்ளையும் வெளிர் சிவப்புமாக, பார்வை போகிற தூரமெல்லாம் மேடுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குழி. ‘ஓடாதே, பின்பக்கமாக நடக்காதே, ஆழமான குழிகள்’ என்று சாலையோரப் பலகைகள் எச்சரிக்கின்றன.

எல்லாம் ஓபல் என்ற ரத்தினக் கல்லுக்காகத் தோண்டியவை. 1915-இல் தங்கம் தேடி வந்த ஒரு சிறு கூட்டத்துக்கு இங்கே தங்கமும் அகப்படவில்லை, தண்ணீரும் அகப்படவில்லை. கூடாரத்தில் விட்டுவிட்டுப் போன 14 வயதுப் பையன் வில்லி ஹட்சிசன் சுற்றித் திரிந்து, ஓபல் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். ஊர் பிறந்தது அப்படித்தான். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் வந்து சேர்ந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிரேக்கர்கள், செர்பியர்கள், குரோஷியர்கள், இத்தாலியர்கள் என்று வந்தார்கள். ஒரு ஆளுக்குச் சிறு துண்டு நிலத்தில்தான் தோண்ட உரிமை என்பதால் பெரிய கம்பெனிகள் இங்கே கால் ஊன்றவில்லை. தனி மனிதர்கள், கூட்டாளிகள், அண்ணன் தம்பிகள் தோண்டிய ஊர் இது. எனக்கு இந்த ஊர்மேல் மதிப்பு வந்ததற்கு முதல் காரணம் அதுதான்.

கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டுமாம். மழை ஆண்டு முழுவதும் சேர்த்து 15 சென்டிமீட்டர்கூடத் தேறாது. குடிநீர் 24 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஆழ்துளைக் கிணற்றிலிருந்து குழாயில் வந்து, உப்பு நீக்கி விநியோகமாகிறது. மரம் நட்டுத் தப்பிக்கவும் வழியில்லை. குன்றின்மேல் இரும்புக் கழிவை வெல்டிங் செய்து நிறுத்திய மரம் ஒன்று இருக்கிறது. ஊர்க்காரர்கள் கண்ட முதல் மரமே அதுதான் என்கிறார்கள். அதனால் மனிதர்கள் குன்றுக்குள் குடைந்து குடிபுகுந்துவிட்டார்கள். இந்த வீடுகளை ‘டக்அவுட்’ என்கிறார்கள். வாசல் மட்டும் வெளியே தெரியும். மேலே தரையிலிருந்து காற்றுக்குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும்.

நான் தங்கியதும் அப்படியொரு வீட்டில். சுவரில் விரல் வைத்துப் பார்த்தேன். குடைந்த இயந்திரத்தின் பற்கள் விட்டுப்போன வளையக் கோடுகள் வரிவரியாக ஓடின. இளஞ்சிவப்பு மணற்பாறையில் வெள்ளை நரம்புகள். தூசி உதிராமலிருக்க மேலே ஒரு பூச்சு. ஏ.சி. இல்லை, மின்விசிறியும் இல்லை. ஆண்டு முழுவதும் 23, 25 டிகிரிதான். வீட்டுக்காரர் செர்பியாவிலிருந்து இளம் வயதில் வந்த முதியவர். “இன்னொரு அலமாரி வேணும்னா கடைக்கு ஏன் போகணும்? சுவரைக் குடைஞ்சா போச்சு” என்றார். ஊருக்குள் சுரங்கம் தோண்டத் தடை. ஆனால் வீட்டை விரிவாக்கும்போது ஓபல் தட்டுப்பட்டவர்களின் கதை எல்லோரிடமும் இருக்கிறது. ஜன்னல் இல்லாத அறையில் விளக்கை அணைத்ததும் வந்த இருட்டும் நிசப்தமும் நான் வேறெங்கும் அறியாதவை.

கோயிலும் பூமிக்குள்தான். செர்பிய ஆர்த்தடாக்ஸ் மக்கள் 1993-இல் முடித்த புனித எலியா தேவாலயத்தில் கூரை வளைந்து உயர்கிறது. புனிதர்களின் உருவங்களைப் பாறையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். மலையைக் குடைந்து கோயில் கண்ட மாமல்லபுரத்துக் குகைகளைப் பார்த்த நமக்கு அங்கே கை தானாகக் குவியும்.

சுரங்கக் கழிவில் ஓபல் பொறுக்குவதை ‘நூட்லிங்’ என்கிறார்கள். அதற்கென ஊரிலேயே பொது இடம் விட்டிருக்கிறார்கள். கிளறக் கிளற வெறும் கல்லாக வந்தது. கடைசியில் நகக்கண் அளவு துண்டு ஒன்று. எச்சில் தொட்டு வெயிலில் திருப்பினேன்: பச்சை, இன்னும் சற்றுத் திருப்ப நீலம், ஓரத்தில் பொறிபோல ஒரு சிவப்பு. சாயம் எதுவும் அதில் இல்லை. மிக நுண்ணிய சிலிக்கா உருண்டைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால், அவற்றின் இடையே புகும் ஒளி நிறம் நிறமாகப் பிரிகிறது.

ஊருக்கு வடக்கே 30 கிலோமீட்டர் சொச்சத்தில் பிரேக்கவேஸ் குன்றுகள். இந்த நிலத்தின் மூத்த குடிகளான அன்டகிரிஞ்ஜா மாட்டு-யன்குனிஜட்ஜாரா மக்களுக்கு உரியவை. அனுமதிச் சீட்டு வாங்கிப் போகவேண்டும். மாலை வெயிலில் ஒரு குன்று வெள்ளை, பக்கத்துக் குன்று காவி. அருகே டிங்கோ நாய்களை ஆட்டுப் பண்ணைகளிலிருந்து விலக்கி வைக்கும் வேலி, 5,600 கிலோமீட்டர் ஓடுகிறது. அதையும் தாண்டி ‘நிலாச் சமவெளி’. புல் பூண்டு இல்லாத கல் பரப்பு. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இதெல்லாம் கடல். 1987-இல் இவ்வூர்ச் சுரங்கத்தில், எலும்பெல்லாம் ஓபலாகிப்போன கடல் ஊர்வன ஒன்று கிடைத்தது. அது விற்பனைக்கு வந்தபோது பொதுமக்கள் காசு போட்டு மீட்டார்கள். ‘எரிக்’ என்று செல்லப்பெயர். சிட்னியில் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் சிட்னி, மெல்பர்னோடு திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை கூபர் பெடிக்கும் சில நாள் ஒதுக்குங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை போனால் வெயில் தாங்கும்; இரவுக்குக் கம்பளி வேண்டும். சொந்தக் காரில் போனால் கிளெண்டாம்போவில் டேங்கை நிரப்பிவிடுங்கள். சுரங்க வெளிக்குள் வழிகாட்டி இல்லாமல் கால் வைக்காதீர்கள்.