பிடிக்கப் போன கை

2022 அக்டோபர் 8 அன்று பெங்களூருவில் நடந்த புரோ கபடி ஆட்டத்தில் தமிழ்த் தலைவாஸ் அணியின் பவன் செராவத், பாடி வந்த எதிரணி வீரரைப் பிடிக்கப் போய் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அவ்வாண்டு ஏலத்தில் அவருக்குக் கிடைத்த விலை 2 கோடியே 26 லட்சம் ரூபாய். அதற்கு முன் அந்தப் போட்டியில் எவருக்கும் அவ்வளவு தொகை தரப்பட்டதில்லை. புதிய அணிக்கு அவர் ஆடிய முதல் ஆட்டமே அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டமும் ஆயிற்று. (பாடி வந்தவர் குஜராத் அணித்தலைவர் சந்திரன் ரஞ்சித், நம் தமிழ்நாட்டுக்காரர். இதையும் என்னவென்று சொல்வது!)

“பாடிப் புள்ளி எடுக்க வாங்கிய ஆள் எதற்குப் பிடிக்கப் போனார்?” திருப்பரங்குன்றத்துத் தேநீர்க் கடைகளில் அந்த வாரம் முழுதும் இதே கேள்விதான். கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. 2019இல் ஒரே ஆட்டத்தில் 39 புள்ளி பாடி எடுத்தவரின் முழங்கால் அது. ஆயினும் இந்தக் கணக்கில் ஒன்று விடுபட்டுப் போகிறதென்று எனக்குத் தோன்றுகிறது.

கபடியில் பாடுகிறவர் வேறு, பிடிக்கிறவர் வேறு என்று களத்தைப் பிரித்துவிட முடியாது. முப்பது நொடி பாடித் திரும்பியவர் மறுகணமே எழுவரில் ஒருவராகக் கைகோத்து நிற்கிறார். ஓரத்தில் நிற்பவன் கணுக்காலைப் பற்றியதும் அடுத்திருப்பவர் பாய்ந்து இடுப்பைத் தடுக்க வேண்டும். அவர் தம் முழங்காலை எண்ணி ஒதுங்கினால், காலைப் பற்றியவனை இழுத்துக்கொண்டே எதிரி நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். புள்ளி போவது ஒருபுறம் இருக்க, இழுபடுகிறவனின் தோளும் கழுத்தும் என்னாவது? நட்சத்திரம் பத்திரமாக இருப்பதற்கான விலையைப் பெயர் தெரியாத ஒருவனின் உடம்பு கொடுக்கிறது.

இந்த வழக்கு நமக்குப் புதிதன்று. உறையூர்த் தித்தனின் மகன் போர்வைக்கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு தானே இறங்கிப் பொருததைப் புறநானூற்றில் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். அரசன் மகனுக்கு மற்போரில் என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. தந்தை இதைப் பார்க்க வேண்டும் என்றே விரும்புகிறார். நக்கண்ணையார் பாட்டில் ஊரே இரண்டுபட்டு, வென்றான் என்றும் இல்லையென்றும் பேசிக்கொள்கிறது. நம் தேநீர்க் கடைகளும் அந்த ஊரைப் போலத்தான்.

பவன் இல்லாமலேயே தலைவாஸ் அவ்வாண்டு முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. நரேந்தர் என்ற இளைஞர் பாடிக் கரையேற்றினார். நட்சத்திரமே வேண்டாம் என்று சிலர் இதற்குப் பொருள் சொன்னார்கள், நான் ஏற்கவில்லை. ஓராண்டுக்குப் பின் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணிக்குத் தலைவர் பவன்தான். அதே மாதம் நடந்த ஏலத்தில் அவர் விலை 2 கோடியே 60 லட்சத்தைத் தாண்டியது.

எனக்கு உறுத்துவது வேறு. என் வகுப்பில் வணிகவியல் படித்த மாணவன் ஒருவன், நல்ல பாடகன் (கபடியில்தான், செய்யுள் வாசிக்கச் சொன்னால் திணறுவான்), பொங்கல் போட்டியொன்றில் மண் தளத்தில் இதேபோலப் பிடிக்கப் பாய்ந்தான். முழங்கால் தசைநார் கிழிந்தது. அம்மாவின் நகை அடகுக்குப் போய் அறுவை நடந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை என்ற நினைப்பும் அத்தோடு போயிற்று.

“நீதான் பாடுகிறவனாயிற்றே, ஒதுங்கியிருக்கலாமே” என்றேன்.

“எப்டிங்கய்யா? மாரி காலப் பிடிச்சுட்டான். நான் போகலேன்னா அவனத் தரதரன்னு இழுத்துட்டுல்ல போயிருப்பான்?”

அவனிடம் மேற்கொண்டு கேட்க எனக்கு ஒன்றுமில்லை. போட்டி நடத்துபவர்களிடம்தான் கேட்டேன். அணிக்கு இவ்வளவென்று நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள், ஆளுயரக் கோப்பை வைக்கிறார்கள், ஊர் முழுக்கப் பதாகை கட்டுகிறார்கள். அதில் ஒரு பங்கை அடிபடுகிறவனுக்கென்று எடுத்து வைத்தால் என்ன? அடுத்த வருடம் பார்க்கலாம் சார் என்றார்கள். அடுத்த தை மாதமும் போய்க் கேட்பதாக இருக்கிறேன்.