டோனாவூர்

பெயரைக் கேட்டால் ஏதோ சீமையிலுள்ள ஊர் என்றே தோன்றும். ஆனால் டோனாவூர் நம்முடைய திருநெல்வேலி ஜில்லாவில், களக்காட்டுக்குத் தெற்கே, மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது. நாங்குநேரியிலிருந்து மேற்கே செல்லச் செல்ல மலைகள் நெருங்கி வருகின்றன. வயல்களும் வாழைத் தோட்டங்களும் கண்ணைக் குளிர்விக்கின்றன. பாளையங்கோட்டையில் ரேனியஸ் பாதிரியார் ஊழியம் செய்த காலத்தில், டோனா என்னும் பிரஷ்யப் பிரபு இங்கே ஆலயம் எழுப்பப் பொருளுதவி செய்தார். அவர் பெயரே ஊருக்கு நிலைத்தது.

இவ்வூரை உலகறியச் செய்தவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். 1867-இல் அயர்லாந்தில் பிறந்த அவர், 1895-இல் இந்தியாவுக்கு வந்தார். பிறகு ஒரு முறையேனும் தாய்நாடு திரும்பவில்லை. 1901-இல், பொட்டுக்கட்டப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடிவந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அதுமுதல் அத்தகைய குழந்தைகளைக் காப்பதே அவருடைய வாழ்க்கையாயிற்று. அவ்வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முதலிய நம் நாட்டவரும் அரும்பாடுபட்டனர். 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் பிறந்தது.

கடவுள் உண்டு என்று சொல்பவர் பலர். நாளைக்கு உலை வைக்க வேண்டிய அரிசியை அவர் அனுப்புவார் என்று நம்பி இருப்பவர் சிலரே. டோனாவூரார் அந்தச் சிலரைச் சேர்ந்தவர்கள். யாரிடமும் பணம் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை, தேவையைக் கடவுளிடம் மட்டுமே சொல்வது என்பது அம்மையார் வகுத்த விதி. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஜார்ஜ் முல்லர் என்பவர் இதே முறையில் ஆயிரக்கணக்கான அநாதைக் குழந்தைகளை வளர்த்தது அவருக்கு முன்மாதிரி.

இது சோம்பலுக்கு இடமளிக்காதா என்று கேட்கலாம். இங்கே அதற்கு இடமே இருந்ததில்லை. இரவெல்லாம் கண்விழித்துக் கைக்குழந்தைகளைப் பேணுவதும், சமைப்பதும், துவைப்பதும், பிணியாளரைக் கவனிப்பதும் பிரார்த்தனையோடு சேர்ந்தே நடந்தன. அம்மையாரின் நூல்களைப் பல நாட்டவர் படித்தார்கள். நிலைமை அறிந்தவர்கள் கொடுத்தார்கள், இதில் அற்புதம் என்ன என்று வேறு சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆகையால் வந்த பணத்தைக் கொண்டு இந்த நம்பிக்கையை எடை போட வேண்டாம். கேட்டும் வராதவற்றைக் கொண்டு எடை போடுவோம்.

மூன்று வயதில் அம்மையார், தம் பழுப்பு நிறக் கண்கள் நீலமாக வேண்டும் என்று வேண்டினாராம். காலையில் கண்ணாடியைப் பார்த்தால் அதே பழுப்பு! ‘இல்லை’ என்பதும் ஒரு பதில்தான் என்று அன்றே அறிந்தார். அந்தப் பதில் பின்னர் மிகக் கடுமையாக வந்தது. உயிருக்கு மன்றாடியும் குழந்தைகள் சில மடிந்தன. 1931-இல் களக்காட்டில் ஒரு பள்ளத்தில் விழுந்து அவர் கால் முறிந்தது. குணமடையப் பலரும் பிரார்த்தித்தார்கள், குணம் வரவில்லை. ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் படுக்கையிலேயே கழிந்தது. அப்படுக்கையிலிருந்தே பல நூல்கள் எழுதினார். குழந்தைகளுக்குத் தாயாகவும் இருந்தார். கேட்டது கிடைக்காவிட்டாலும் கேட்பதை நிறுத்தவில்லை. கேட்டதெல்லாம் கிடைக்கும் என்பதல்ல, கேட்கப்படுபவர் கைவிடமாட்டார் என்பதே அவருடைய எதிர்பார்ப்பு.

1951-ஆம் வருஷம் ஜனவரி 18-இல் அவர் காலமானார். கல்லறைக் கல் வேண்டாம் என்பது அவருடைய விருப்பம். பிள்ளைகள் அதற்கு இணங்கி, பறவைகள் நீர் அருந்தும் கல்தொட்டி ஒன்றை அங்கே வைத்து, ‘அம்மை’ என்று மட்டும் பொறித்தார்கள்.

நம்மில் எந்த மதத்தைச் சேர்ந்தவரும் அந்தத் தொட்டியருகே சற்று நின்று வரலாம். நாமும் தினந்தோறும் எத்தனையோ வரங்களைக் கேட்கிறோம். மறுக்கப்பட்ட மறுநாளும் வழக்கம்போல் எழுந்து பிறர் பிள்ளைக்குப் பாலூட்ட நம்மால் முடியுமா என்று அங்கே எண்ணிப் பார்ப்பது நல்லது.