ஃபராக்கா: அணை தாண்டும் இலிஷ்

ஹவுராவிலிருந்து வடக்கு வங்காளம் செல்லும் ரயில் ஃபராக்காவை நெருங்கியதும் பயணிகள் ஜன்னல் பக்கம் திரும்புகிறார்கள். கீழே கங்கை. ஒரு பக்கம் ஏரிபோல் விரிந்து நிற்கும் நீர். மறுபக்கம் மதகுகளிலிருந்து நுரைத்துக் கொட்டும் வெள்ளம். இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான நீளம், நூற்றுக்கும் மேற்பட்ட மதகுகள். சிலர் காசை எறிந்து கும்பிடுகிறார்கள். ஒரு மீனின் பாதை 1975இல் இந்த இடத்தில் முடிந்துபோனதை ரயிலில் யாரும் பேசுவதில்லை.

அந்த மீன் இலிஷ். இந்திக்காரர்களுக்கு ஹில்சா, கோதாவரிக் கரையில் புலசா, நமக்கு உள்ளம். வளர்வது கடலில், முட்டையிடுவது நன்னீரில். மழைக்காலத்தில் ஆறு கலங்கிப் பெருகியதும் கூட்டம் கூட்டமாக நீரோட்டத்தை எதிர்த்து ஏறும். ஒரு காலத்தில் வங்காள விரிகுடாவிலிருந்து பாட்னா, பக்ஸர், அலகாபாத் (இன்றைய பிரயாக்ராஜ்) என்று ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஏறிச் சென்றது. பீகார் மீனவர்கள் அதை நம்பிப் பிழைத்தார்கள். அணை வந்தது. மேலே உள்ள ஊர்களில் இலிஷ் பெயரளவுக்கு வந்து, பிறகு அதுவும் அரிதாயிற்று.

அணையைக் கட்டியவர்களுக்கு மீன்மீது விரோதம் இல்லை. கல்கத்தா துறைமுகம் வண்டலால் தூர்ந்துகொண்டிருந்தது. வண்டலை அடித்துச்செல்ல நீர் வேண்டும். அதற்காகக் கங்கையை மறித்து, சுமார் 38 கிலோமீட்டர் கால்வாய் வழியாகப் பாகீரதியில் நீரைத் திருப்பினார்கள். இதனால் பங்களாதேஷுடன் எழுந்த தகராறும், 1996இல் கையெழுத்தான 30 ஆண்டு ஒப்பந்தமும் நாடறிந்தவை. மீன் எந்த ஒப்பந்தத்திலும் கட்சிக்காரர் அல்ல.

அதன் சார்பில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் ஃபராக்காவுக்கு வந்து நிற்பவர்கள் சில இளைஞர்கள். மீன்வளம் படித்தவர்கள், விலங்கியல் பட்டதாரிகள், ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்த உள்ளூர்ப் பையன்கள். பாரக்பூரில் இயங்கும் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையம், கங்கையைத் தூய்மைப்படுத்தும் தேசியத் திட்டத்தின் கீழ் இங்கே எடுத்துக்கொண்ட வேலை கேட்பதற்கு எளிது: அணைக்குக் கீழே இலிஷை உயிருடன் பிடிப்பது, அணைக்கு மேலே கொண்டுபோய் விடுவது.

செய்துபார்த்தால்தான் சிரமம் தெரியும். கெளுத்தியை வாளியில் போட்டு ஊர் சுற்றலாம். இலிஷ் வலையிலிருந்து எடுத்த சில நிமிடங்களில் செத்துவிடும். உலர்ந்த கை பட்டால் செதில் உதிரும். தொட்டி மூலையில் முட்டிக்கொண்டாலும் பிழைக்காது. அதனால் தொட்டி வட்டமாக இருக்க வேண்டும். நீரில் ஆக்ஸிஜன் குமிழிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இலிஷ் கரைக்கு வரும்வரை காத்திருக்க முடியாது. டெக்னீஷியன் மீனவரின் படகிலேயே இருந்து, வலை மேலே வரும் கணத்தில் நனைந்த கையால் மீனை விடுவிக்க வேண்டும். இருட்டோ, மழையோ, சுழலோ, மீன் வரும் நேரமே வேலை நேரம்.

விடுவதற்கு முன் சில மீன்களின் முதுகுத் துடுப்பை ஒட்டி மெல்லிய பிளாஸ்டிக் இழை ஒன்றைக் குத்துகிறார்கள். அதில் எண் இருக்கும். மேலே ஜார்க்கண்டின் ராஜ்மகல் பக்கமோ அதற்கும் அப்பாலோ எந்த மீனவர் வலையிலாவது அந்த இழை சிக்கினால் அவர் தகவல் சொல்ல வேண்டும். அந்த ஒரு தகவலில் மீன் எவ்வளவு தூரம் போயிற்று, எத்தனை நாளில் போயிற்று என்பது தெரிந்துவிடும்.

செத்த மீனுக்கும் வேலை உண்டு. விடியற்காலையில் படித்துறைக்கு வரும் கூடைகளின் அருகே அளவுப் பலகையும் தராசுமாக உட்கார வேண்டும். நீளம், எடை, ஆணா பெண்ணா, சினை எந்தப் பருவம். செதிலின் வளையங்களிலிருந்து வயதைக் கணிக்கலாம். சினையில் ஒரு சிட்டிகை எடுத்து முட்டைகளை எண்ணி மொத்த எடைக்கு விகிதப்படி பெருக்கினால், நன்கு வளர்ந்த ஒரு தாய் மீன் பத்து லட்சத்துக்கும் அதிகமான முட்டைகளைச் சுமந்து வருவது தெரியும். சந்தையில் சினை இலிஷைப் பேரம் பேசும்போது யாரும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

சரியான பதத்தில் ஆணும் பெண்ணும் ஒரே நேரத்தில் கிடைத்தால் அன்று திருநாள். தாயின் வயிற்றை மெல்ல அழுத்தி முட்டையைத் தட்டில் எடுத்து, ஆணின் விந்தைக் கலந்து, கரையிலேயே கருவுறச் செய்கிறார்கள். ஏறத்தாழ ஒரு நாளில் குஞ்சு வெளிவரும். அந்த இரவு யாரும் தூங்குவதில்லை. நீரின் வெப்பமும் ஆக்ஸிஜனும் தவறினால் அத்தனையும் போச்சு.

ஆனால் இந்த வேலையின் பாதி, கருவிகளில் இல்லை. விற்றால் நல்ல விலை போகும் மீனை உயிரோடு தரும்படி மீனவரைக் கேட்க வேண்டும். 23 சென்டிமீட்டருக்குக் குறைந்த இலிஷைப் பிடிக்க மேற்கு வங்காளத்தில் தடை இருப்பதை, குட்டி மீனுடன் நிற்பவரிடம் சண்டையில்லாமல் சொல்ல வேண்டும். 'தாதா' என்று தோளில் கை போட்டுப் பேசுகிற உறவு ஒரே சீசனில் வராது. எந்தச் சுழலில் மீன் ஒதுங்கும், எந்தப் படகுக்காரர் பொய் சொல்லாமல் கணக்குச் சொல்வார் என்பது எந்தப் படிவத்திலும் இல்லை. அதைக் கற்றுக்கொண்டவருக்கு நிலையான வேலை இருப்பதில்லை. நாடெங்கும் இத்தகைய திட்ட வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த வேலைகளே. திட்டம் முடிந்தால் ஆளும் போகிறார். அவர் தலைக்குள் இருக்கும் ஆறும் போகிறது.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் காவிரியைப் பார்க்கலாம். உள்ளம் மீன் காவிரியிலும் ஏறிய மீன்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கொள்ளிடத்தில் அதன் முட்டையைக் கருவுறச் செய்து பார்த்தார்கள். இந்தியாவில் இந்த முயற்சிக்கு முன்னோடி அதுதான். 1934இல் மேட்டூர் அணை முடிந்தது. உள்ளம் மெல்ல மறைந்தது. இன்று ஈரோட்டிலோ பவானியிலோ கடலிலிருந்து ஒரு மீன் இங்கே வந்துகொண்டிருந்தது என்று சொன்னால் நம்ப ஆள் தேட வேண்டும். மீனை மறந்த ஊருக்கு, மீனுக்கு வழி கேட்கத் தோன்றாது.

ஃபராக்காவில் இன்னும் கேட்கிறார்கள். அணையில் மீன்களுக்கென்று ஆரம்பத்திலேயே வைத்த வழி இலிஷுக்குப் பெரிதாகப் பயன்படவில்லை. கப்பல்களுக்காகக் கட்டும் புதிய மதகை, இலிஷ் அதிகம் நடமாடும் பின்னிரவு நேரத்தில் மீன்களுக்கும் திறந்துவைக்கும் யோசனை 2019இல் அறிவிக்கப்பட்டது. எப்போது திறந்தால் மீன் வரும் என்று சொல்ல, இரவெல்லாம் படகில் விழித்திருந்து குறித்துவைத்த கணக்கு வேண்டும்.

தொட்டியில் தூக்கிச் செல்லும் சில ஆயிரம் மீன்களால் பழைய கங்கை திரும்பிவிடாது. கரையில் நிற்கும் இளைஞர்களுக்கும் அது தெரியும். ஆனால் ராஜ்மகலில் ஒரு மீனவர் தன் வலையில் சிக்கிய இலிஷின் முதுகில் ஓர் இழையைப் பார்த்து, இது எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறவரை அந்த மீனின் பாதை கணக்கிலிருந்து அழிந்துபோகாது. அடுத்த மழைக்கும் அங்கே ஆள் இருக்க வேண்டும்.