ஞமலி சோறுண்ட கதை

நாயின் குட்டியை எப்படி அழைப்பது என்பதற்குத் தொல்காப்பியத்தில் விதி உண்டு. நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் மரபியல் தரும் பெயர் குருளை. எங்கள் வீட்டுக்கு ஒரு குருளை வந்து சேர்ந்தபோது எங்கள் தமிழார்வம் அத்துடன் நிற்கவில்லை; சங்கப் பாடல்களில் நாய்க்கு வழங்கும் 'ஞமலி' என்னும் சொல்லையே அதற்குப் பெயராகச் சூட்டினோம். பெரியம்மா அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். மூன்றாம் முறை 'மல்லி' என்று கூப்பிட்டார். குட்டி வாலை ஆட்டிக்கொண்டு அவரிடம் போய்விட்டது. இலக்கியம் தோற்ற இடங்களில் அதுவும் ஒன்று.

பாளையங்கோட்டையில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில், தெருவில் நின்ற காரின் அடியிலிருந்து அதை எடுத்து வந்தோம். தாய் இரண்டு நாள்களுக்கு முன் லாரியில் அடிபட்டுவிட்டதாகத் தேநீர்க்கடைக்காரர் சொன்னார். செம்மண் நிறம், காதோரம் மட்டும் கறுப்பு, விலா எலும்பு தெரிந்தாலும் வயிறு மட்டும் பானைபோல் உருண்டிருந்தது. அந்த வயிற்றைக் கண்டு, யாரோ புண்ணியவான் சோறு போட்டிருக்கிறார் என்று மகிழ்ந்தோம். அது புழு நிறைந்த வயிறு என்பது பிறகு தெரிந்தது.

நாய் வளர்ப்புக்கு நாங்கள் புதியவர்கள் அல்லர், தோற்றவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குட்டியைப் பத்து வாரத்தில் பறிகொடுத்தோம். பார்வோ. 1978ஆம் ஆண்டில் உலகம் அறிந்துகொண்ட அந்த வைரசுக்குத் தடுப்பூசி நெடுங்காலமாகவே இருக்கிறது. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் ஆகும்வரை சில வார இடைவெளிகளில் போட்டுக்கொண்டே வரவேண்டும். 'அடுத்த ஞாயிறு போகலாம்' என்று நாங்கள் இரண்டு ஞாயிறுகளைத் தள்ளிப்போட்டோம். மூன்றாம் ஞாயிறு கொல்லையில் குழி தோண்டினோம். ஆகவே, ஞமலி முதன்முறையாகக் கிண்ணத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பியபோது எங்களுக்கு ஏற்பட்டது வெறும் கவலையன்று.

பயந்தவர்கள் செய்வதை நாங்களும் செய்தோம். முதல் நாள் பசும்பால் வைத்தோம், குடித்தது. மறுநாள் பாதியில் நிறுத்தியதும் பாலில் பிஸ்கட்டை ஊறவைத்தோம். அதை ஒதுக்கியதும் தயிர்ச்சாதம், பிறகு இட்லி, இட்லியில் நெய், அவித்த முட்டை, ஆட்டு ஈரல். ஒருவர் வைத்தது ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் வைத்ததும் உண்டு. எங்களுக்குள் ஒரு போட்டியே நடந்தது என்று இப்போது ஒப்புக்கொள்ளலாம். யார் கையில் உண்கிறதோ அவரே தாய் என்னும் போட்டி. குட்டிக்கு இது மிக விரைவில் விளங்கிவிட்டது. ஒன்றை மறுத்தால் அடுத்தது வரும். அடுத்தது முன்னதைவிட மணமாக இருக்கும். ஐந்தாம் நாள், கோழிக்குழம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீரில் கழுவி நீட்டினோம். அதை ஆவலுடன் விழுங்கியது. "பாத்தீங்களா!" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அன்று இரவே வாந்தி. விடிவதற்குள் நான்கு முறை வயிற்றுப்போக்கு. காலையில் கிண்ணத்தின் பக்கமே அது திரும்பவில்லை. நீர் வைத்தால் நாக்கை நனைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது. பிடரித் தோலைப் பற்றி மெல்ல உயர்த்திவிட்டால் அது உடனே பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். மெதுவாகத் திரும்பினால் உடலில் நீர் வற்றுகிறது என்று பொருள். ஈறு ஈரமாக வழுக்க வேண்டும், ஒட்டக்கூடாது. இவையெல்லாம் எங்களுக்குத் தெரிந்திருந்தன, முந்தைய குட்டியிடம் கற்ற பாடம். ஞமலியின் தோல் மெதுவாகத் திரும்பியது. மழையில் ஆட்டோ கிடைக்காமல், துண்டில் சுற்றி, குடைக்குள் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்கு நடந்தோம். வழியில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மருத்துவர் இளைஞர். எடை பார்த்தார்: 1.9 கிலோ. வெப்பநிலை பார்த்தார். பார்வோவுக்கான பரிசோதனைப் பட்டையில் ஒரு கோடு மட்டும் தோன்றும்வரை நாங்கள் சுவரில் தொங்கிய பசுவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பார்வோ இல்லை. மலத்தில் புழு முட்டைகள் இருந்தன. அப்புறம், "என்னென்ன குடுத்தீங்க?" என்று கேட்டுக் குறிப்பெழுதத் தொடங்கினார். பால், பிஸ்கட், தயிர்ச்சாதம், இட்லி, நெய், முட்டை, ஈரல் என்று நாங்கள் சொல்லிக்கொண்டே போக, கோழிக்குழம்பு வந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பொறுமையாக விளக்கினார். பசும்பாலில் உள்ள பால்சர்க்கரை நாய்ப்பாலில் உள்ளதைவிட அதிகம். செரிக்காத சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியாக்கும். குழம்புத் துண்டைக் கழுவிவிட்டோம் என்பதில் பயனில்லை. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை, அவற்றின் சாறு கறிக்குள் இறங்கியிருக்கும். ஐந்து நாளில் எட்டு வகை உணவு என்பது புழுவில்லாத வயிற்றுக்கே தாங்காது. தோலுக்கடியில் சலைன் ஏற்றினார். வாந்தி நிற்க ஊசி போட்டார். வயிறு தெளிந்ததும் கொடுக்கப் பூச்சி மருந்து எழுதினார். பெரிய நாயாக இருந்தால் ஒரு வேளை பட்டினி போடலாம், இந்த வயதில் கூடாது என்றார். சிறு குட்டியின் உடலில் சேமிப்பு இல்லை. சில மணி நேரம் வெறும் வயிற்றோடு கிடந்தாலே இரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும். குழைய வடித்த சோறு, தோலும் கொழுப்பும் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி, உப்பில்லை, எண்ணெயில்லை. மூன்று மணிக்கொரு முறை இரண்டு கரண்டி. இது மட்டுமே, வேறெதுவும் இல்லை.

நாய்க்குச் சோறா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2013ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வொன்றில், மாவுப்பொருளைச் செரிக்கும் நொதிக்கான ஏஎம்ஒய்2பி என்னும் மரபணு ஓநாயிடம் இரண்டு படிகளே இருக்க, நாய்களிடம் நான்கிலிருந்து முப்பது வரை பெருகியிருப்பது தெரியவந்தது. நம் அடுப்படி ஓரத்தில் கிடந்து கிடந்து, நாய் தன் குடலை நமக்கேற்ப மாற்றிக்கொண்டிருக்கிறது.

வாந்தி அன்று மாலையே நின்றது. பேதி மறுநாள் குறைந்தது. ஆனால் குட்டி உண்ணவில்லை. இதுதான் எங்களுக்குப் புரியாத இடமாக இருந்தது. நோய் போய்விட்டது, மறுப்பு மட்டும் தங்கிவிட்டது. கோழியின் மணம் வந்ததும் தலையைத் தாழ்த்தி உதட்டை நக்கியபடி பின்வாங்கும். அமெரிக்க உளவியலாளர் ஜான் கார்சியா 1955இல் எலிகளிடம் கண்டது நினைவுக்கு வந்தது. இனிப்பு நீரை அருந்திய எலிக்குக் கதிர்வீச்சால் உடல்நலம் கெட்டால், அது பிறகு இனிப்பு நீரைத் தவிர்க்கும். நோய்க்குக் காரணம் எதுவாயினும் உடல் பழி சுமத்துவது கடைசியாக உண்ட உணவின்மீதே. ஞமலி கடைசியாக ஆவலுடன் உண்டது கோழி.

ஊசியில்லாத சிரிஞ்சில் குளுக்கோஸ் நீரை எடுத்துக் கடைவாயோரம் சொட்டுச் சொட்டாக விட்டோம். நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். சோற்றை வெதுவெதுப்பாக்கினோம், சூட்டில் மணம் எழும், நாய்க்கு மூக்கே முதல் நாக்கு. கிண்ணத்தை மாற்றினோம். தட்டில் வைத்தோம், இலையில் வைத்தோம். நான்கு முழந்தாள்களும் நான்கு கைகளும் அதைச் சூழ்ந்திருக்க, "சாப்பிடு கண்ணு, ஒரே ஒரு வாய்" என்று நாங்கள் கெஞ்ச, அது நாற்காலிக்கடியில் போய் ஒடுங்கியது.

இதையெல்லாம் பெரியம்மா கூடத்து ஊஞ்சலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுபத்தெட்டு வயது. பெரியப்பா போன பிறகு எங்களோடு இருக்கிறார். அவருடைய தட்டைச் சுற்றியும் நாங்கள் இப்படித்தான் நிற்கிறோம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இன்னொரு தோசை, இன்னொரு கரண்டி, நேற்றும் சாப்பிடவில்லையே, டாக்டர் என்ன சொன்னார்... அவர் பெரும்பாலும் பதில் சொல்வதில்லை. அன்று சொன்னார்.

"ரெண்டு பேரும் அது மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா அது எப்படித் திங்கும்? எனக்கே எறங்க மாட்டேங்கு."

நாங்கள் எழுந்து அடுப்படிக்குள் போனோம். போனோம் என்றாலும், சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

பெரியம்மா பின்கட்டுத் திண்ணையில் வழக்கம்போலப் பதினொரு மணிக் கஞ்சியோடு அமர்ந்தார். பக்கத்தில் குட்டியின் கிண்ணம். அதன் பக்கம் திரும்பவே இல்லை. தெருவைப் பார்த்தபடி கஞ்சியைக் குடித்தார். மழை விட்டிருந்தது. முருங்கை மரத்திலிருந்து நீர் சொட்டியது. நெடுநேரத்துக்குப் பிறகு நாற்காலியடியிலிருந்து ஒரு மூக்கு வந்தது. பிறகு தலை. குட்டி அவருடைய சேலை முந்தானையை முகர்ந்தது, கால்விரலை முகர்ந்தது. அவர் அப்போதும் பார்க்கவில்லை. கிண்ணத்திலிருந்து நெல்லிக்காயளவு சோற்றை இரண்டு விரலால் எடுத்துத் தம் காலருகில் தரையில் வைத்துவிட்டு, மீண்டும் கஞ்சிக்குத் திரும்பினார். யாரோடோ சண்டையிட்டவர்போல் இருந்தது அந்த முதுகு.

ஞமலி அந்த உருண்டையைத் தின்றது. தரையையும் நக்கியது. இன்னொன்று வைத்தார். அதையும் தின்றது. நாங்கள் கத்தியிருப்போம், ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டோம் என்பது மிகையன்று. மூன்றாவது வைக்காமல் அவர் கிண்ணத்தைக் காலால் சற்று நகர்த்தினார். குட்டி ஐந்தாறு வாய் உண்டுவிட்டு, அங்கேயே, அவருடைய செருப்பின்மீது தலைவைத்து உறங்கிவிட்டது.

அதன்பின் சோறூட்டும் பொறுப்பு எங்கள் கையைவிட்டுப் போயிற்று. கால் மணி நேரம் கிண்ணம் இருக்கும். உண்டால் உண்டது, இல்லையேல் எடுத்துவிட்டு அடுத்த வேளைக்கு அதே சோறு. இடையில் ஒன்றும் கிடையாது. மலம் கெட்டிப்பட்ட காலையில், அதைப் பார்த்து இருவர் முற்றத்தில் நின்று மகிழ்ந்தோம். நாய் வளர்ப்போர் இதைப் படித்துச் சிரிக்கமாட்டார்கள். நாங்களும் கொஞ்சம் மாறியிருக்கிறோம். பெரியம்மா உண்ணும்போது எங்கள் தட்டுகளோடு போய் உட்காருகிறோம். தோசையைப் பற்றிப் பேசாமலிருக்க முயல்கிறோம். இரண்டு நாளில் ஒரு நாள் தோற்கிறோம்.

வயிறு சரியான மறுவாரம், ஞாயிறு வரை காத்திராமல், செவ்வாய்க்கிழமையே தடுப்பூசிக்குப் போனோம். பெரியம்மாவும் வந்தார். எடை 2.4 கிலோ. அட்டையில் எழுதப் பெயர் கேட்டார்கள். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா 'மல்லி' என்றார். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.