காந்தளின் ஒரு மில்லிமீட்டர்

செப்டம்பர் 14, மூலனூர்

காற்று ஓயவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று தாராபுரம் பக்கத்துக் காற்றாலைகளை இன்னும் சுழற்றிக்கொண்டுதான் இருக்கிறது. இங்கே தோட்டத்தில் கிளுவையை இலை நுனிச் சுருளால் பற்றி ஏறிய கண்வலிக்கிழங்குக் கொடிகளில் முதல் பூக்கள் வந்துவிட்டன. செங்காந்தள்தான். நமது மாநில மலர். ஆனால் இந்த ஊருக்கு அது விதைக்கான பயிர். விதையிலிருக்கும் கோல்ச்சிசின் மருந்துக்குப் போகிறது. செடி முழுக்க நஞ்சு என்பதால் தொட்ட கையைக் கழுவாமல் நான் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

இந்தப் பூவில் என்னைப் பிடித்து வைத்திருப்பது மகரந்தப்பை. சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளம். இழையின் நுனியில் நடுப்பகுதி மட்டும் ஒட்டியிருப்பதால் தராசுத் தண்டு மாதிரி இரு பக்கமும் ஆடும். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸை 1:1 அளவுக்கு நெருக்கினால், ஃபுல் ஃபிரேம் கேமராவில் எஃப்/8 வைத்தும் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 1 மி.மீ. மட்டுமே. டிரைபாட் கேமராவைப் பிடித்துக்கொள்ளும். பூவை யார் பிடிப்பது? இந்தக் காற்றில் ஃபிளாஷை நம்புவதே சரி. சக்தியைக் குறைத்து வைத்தால் பல ஃபிளாஷ்களில் வெளிச்சம் நீடிக்கும் நேரம் 1/10,000 நொடி அளவுக்குச் சுருங்கிவிடும். அதற்குள் பூ எங்கே அசையப்போகிறது! ஃபிளாஷுக்கு முன்னால் ஒரு பட்டர் பேப்பரைக் கட்டிவிட்டால் மகரந்தத் தூளின் சொரசொரப்பு வெளுத்துப்போகாமல் வருகிறது.

செப்டம்பர் 20

தெளிவு போதவில்லையென்றால் அப்பெர்ச்சரை இன்னும் சுருக்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாதி வழிதான் அது உதவும். 1:1இல் லென்ஸில் எஃப்/16 என்று வைத்தால் அது எஃப்/32 போலத்தான் வேலை செய்யும். அத்தனை சிறிய துளையில் ஒளி வளைந்து சிதறி, ஆழம் கூடக்கூட நுணுக்கம் எல்லா இடத்திலும் ஒருசேர மழுங்கும். இவ்வளவு நெருக்கத்தில் நான் எஃப்/11ஐத் தாண்டுவதில்லை.

அக்டோபர் 9

காற்றாலைகள் மெதுவாகிவிட்டன. காலை ஏழு மணிக்குக் கொடி அசையவில்லை. ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல், திரையில் பூவைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு கேமராவையே இம்மி இம்மியாக முன்னும் பின்னும் நகர்த்தினேன். ரிமோட்டில் ஷட்டர்.

எட்டு மணிக்கு மேல் தோட்டத்துக்கு ஆட்கள் வந்தார்கள். காந்தளின் சூல்தண்டு அடியிலேயே மடங்கி, மகரந்தப்பைகளை விட்டு விலகிப் பக்கவாட்டில் நீண்டிருக்கும். அதனால் காய் நிறையப் பிடிக்க வேண்டுமென்றால் கையால்தான் தூள் வைக்க வேண்டும். அந்த வேலைக்கு வந்த அக்கா ஒருவர் என் பக்கத்தில் நின்று பார்த்தார்.

“ஏந் தம்பி, நேத்துப் பூவப் போயிப் புடிச்சிட்டிருக்கறீங்க?”

“எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?”

“அடியில மஞ்ச கொறஞ்சு செகப்பு ஏறிருச்சு பாருங்க. தூளும் காஞ்சு கொட்டிப்போச்சு. இதா, இது இன்னைக்கு விரிஞ்சது.”

அவர் காட்டிய பூவில் இதழின் விளிம்பு மஞ்சளும் அடி பசுமஞ்சளுமாக இருந்தது. மகரந்தப்பை அப்போதுதான் வெடித்திருந்தது. பிளவின் இரு உதடுகளிலும் ஈரம் மாறாத தூள். சூல்தண்டின் நுனி மூன்றாகப் பிரிந்திருந்தது. அவர் விரல் நேராக அங்கேதான் போனது. பூவில் கூர்மை விழ வேண்டிய இடமும் அதுவே என்று எனக்குப் பட்டது. இதழின் வண்ணத்துக்கும் நெளிவுக்கும் கொஞ்சம் மங்கல் கேடில்லை. சூல்முடி மங்கினால் அந்தப் பூவின் உயிர்ப்பே படத்தில் இருக்காது.

அக்டோபர் 10

காந்தள் கீழே முகம் கவிழ்த்து, இதழ்களை மேலே மடக்கி நிற்கும். ஆறு மகரந்த இழைகளும் சூல்தண்டும் கிட்டத்தட்ட ஒரே தளத்தில் கிடையாக விரிந்திருக்கும். பக்கவாட்டிலிருந்து எடுத்தால் ஏதோ இரண்டு இழைதான் தெளியும். மண்ணில் படுத்து, சென்சார் அந்தத் தளத்துக்கு இணையாக இருக்கும்படி கீழிருந்து நிமிர்ந்து எடுத்தேன். முழுப் பூவும் அடங்க கால் பங்கு அளவு போதும். அந்த அளவில் எஃப்/11 வைத்தால் ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் கிடைக்கிறது. ஏழு நுனிகளும் அதற்குள் அடங்கின. வானத்து வெளிச்சம் பூவை இருட்டாக்காமல் இருக்க, தரையில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகை.

சிவப்பில் தனிக் கவனம் வேண்டும். சென்சாரில் நான்கு புள்ளிக்கு ஒன்றுதான் சிவப்பைப் பதிகிறது. மொத்த ஹிஸ்டோகிராம் நன்றாகத் தெரியும்போதே சிவப்பு மட்டும் முட்டி நின்று, இதழ் நரம்பெல்லாம் ஒரே பூச்சாகிவிடும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, வெளிச்சத்தை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்தேன். நரம்புகள் வந்தன.

அக்டோபர் 18

நேற்றிரவிலிருந்து மழை. வீட்டில் உட்கார்ந்து, ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்த படங்களை ஹெலிகான் ஃபோகஸ் மென்பொருளில் ஒன்றாகச் சேர்த்தேன். பூ முழுவதையும் ஊசிமுனைத் தெளிவில் கொண்டுவர முடியும்; வந்ததும் பார்த்தேன், மருந்துச் செடிப் பாடப்புத்தகத்துக்கு அது பொருந்தும். எனக்கு வேண்டியது சூல்முடியிலிருந்து மகரந்தப்பைகள் வரைதான். அந்தப் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டேன். மென்பொருளில் கூர்மை ஏற்றுவதும் அந்த இடத்தில் மட்டுமே. இதழ் விளிம்பில் ஏற்றினால் வெள்ளைக்கோடு விழுகிறது. அச்சில் அது இன்னும் உறுத்தும்.