சைக்கிள் டைனமோவும் நெய்வேலியும்

அறுபதுகளில் புதுச்சேரியில் இரவு நேரம் விளக்கில்லாமல் சைக்கிளில் போனால் போலீஸ்காரர் நிறுத்திவிடுவார். அதனால் வண்டியில் டைனமோ இருக்கும். அதை டயர்மேல் சாய்த்ததும் மிதிப்பது கனத்துவிடும். டயர் உரசுவதால் வரும் கனம் என்பார்கள்.

பிரெஞ்சு வழியில் நான் படித்த பள்ளியின் இயற்பியல் முசியே ஒருநாள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றச் சொன்னார். பல்பு ஒயரைக் கழற்றினால் சுற்றுவது லேசாக இருந்தது. மாட்டினால் கை கனத்தது. உரசல் இரண்டு தடவையும் ஒன்றுதான். அப்படியானால் கூடுதல் கனம் எங்கிருந்து வந்தது?

டைனமோவுக்குள் ஒரு காந்தம் சுழல்கிறது. அதன் பக்கத்தில் அசையாத கம்பிச்சுருள். காந்தப்புலம் அந்தச் சுருளை எவ்வளவு ஊடுருவுகிறது என்பதைத்தான் முசியே 'ஃப்ளூ' என்பார். தமிழ்ப் பாடநூலில் காந்தப் பாயம். பாயம் எவ்வளவு இருந்தாலும் மாறாமல் நின்றால் வோல்டேஜ் கிடையாது. அது மாறுகிற வேகத்துக்குத்தான் வோல்டேஜ். காந்த முனை சுருளுக்கு நேரே வரும்போது பாயம் உச்சம், வோல்டேஜ் பூஜ்யம். அந்த முனை விலகி எதிர்முனை நெருங்கும் நடுவில் பாயம் பூஜ்யம், வோல்டேஜ் உச்சம். 1831-ல் ஃபாரடே கண்டது இந்த மாற்றத்தின் மகிமையைத்தான். மறு வருஷமே பாரிஸில் பிக்ஸி கையால் சுற்றும் ஜெனரேட்டர் செய்துவிட்டார் என்று முசியே பெருமையோடு சேர்த்துக்கொள்வார்.

வோல்டேஜ் இருந்தால் மட்டும் கரண்ட் ஓடிவிடாது. அதற்குப் பாதை வேண்டும். பல்பை மாட்டினால் பாதை கிடைக்கும். 6 வோல்ட், 3 வாட் பல்பு அரை ஆம்பியர் இழுக்கும். கரண்ட் ஓடியதும் சுருளே ஒரு காந்தமாகி, சுழலும் காந்தத்தை எதிர்க்கிறது. 1834-ல் லென்ஸ் சொன்ன விதி இது. நம் கால் உணர்ந்த கனம் அதுதான். 3 வாட்டுக்கு நாம் அதைவிடக் கூடவே மிதிக்க வேண்டும். மிச்சம் உரசலிலும் சூட்டிலும் போய்விடும்.

கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரும் இப்படித்தான். ஏ.சி.யைப் போட்டதும் அதன் குரல் கனக்கும். வோல்டேஜையும் வேகத்தையும் இயந்திரம் ஒரே அளவில் வைத்துக்கொள்ளப் பார்க்கும். எவ்வளவு கரண்ட் வேண்டும் என்பதை நாம் போடும் சுவிட்சுகள் தீர்மானிக்கும். கரண்ட் கூடினால் எதிர்ப்பு கூடும். அதைச் சமாளிக்க டீசல் கூடுதலாக எரியும்.

ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னேன். "ஒரு ஃபேனால் என்ன தாத்தா ஆகப்போகுது?" என்றான் பேரன். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்துச் சுழற்றும் இயந்திரமும் நம் ஃபேனும் ஒரே கம்பி வலையில் இருக்கின்றன என்றேன். நீ சுவிட்சைப் போட்டால், கடுகளவுதான் என்றாலும், எங்கோ ஒரு சுழலி அந்தக் கனத்தைத் தாங்குகிறது. சைக்கிளில் அது நம் காலுக்குத் தெரியும். வீட்டில் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பேரன் பதில் சொல்லவில்லை. எழுந்து போய் சுவிட்சை அணைத்தான்.